மன்னரின் ஈரலுக்கு வளைகாப்பு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால், அடுத்த வரியிலேயே அது யாரையோ சாப்பிடப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இந்தக் கதையை, அது சாப்பிட்டு முடித்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சிங்கத்தின் பெயர் பிடரிவேந்தன். வேட்டைக்குப் போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. காட்டில் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு மான் வீடு என்றால் நாளைக்கு முயல் வீடு, அதற்கடுத்த நாள் பன்றி வீடு. வீட்டுக்கு ஒருவர் தானாகவே குகை வாசலுக்கு வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு, வரிசையில் உட்கார வேண்டும். இதற்குத் 'தாமே முன்வரும் திட்டம்' என்று பெயர் வைத்தவர் நரி. அவர்தான் அமைச்சர். பெயர் நாநலம்.

சிங்கத்துக்கு வேலை மெல்லுவது மட்டும்தான். ஓடாமல், நடக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் யாருக்குத்தான் உடம்பு கெடாது? கண் மஞ்சளானது. வயிறு உப்பியது. கர்ஜிக்க ஆரம்பித்தால் பாதியில் ஏப்பம் வந்தது. குடிமக்கள் மரியாதைக்காக அந்த ஏப்பத்துக்கும் நடுங்கினார்கள்.

டாக்டர் ஒற்றைக்காலனை அழைத்து வந்தார்கள். அவர் கொக்கு. வெள்ளைக் கோட்டு தனியாக வாங்கும் செலவு இல்லாததால் டாக்டர் ஆனவர். ஸ்கேன் எடுக்க வௌவால் வந்தது. அது குகைக் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, யார் காதுக்கும் கேட்காத ஒரு சத்தத்தை மன்னரின் வயிற்றை நோக்கி எழுப்பியது. சிறிது நேரம் காதை விரித்துக் கேட்டது.

"ஈரல் இருக்கவேண்டிய இடத்துல ஒரு கொழுப்புக் கட்டிதான் இருக்கு" என்றது.

டாக்டர் கால் மாற்றி நின்றார். "ஈரல் போயிடுச்சு மன்னா. மாத்தணும்."

"யாருடையதையாவது எடுத்து வை. இந்தக் காட்டில் ஈரலுக்கா பஞ்சம்?"

"அடுத்தவங்க ஈரல வச்சா உங்க உடம்பு ஏத்துக்காது மன்னா."

"இத்தனை வருஷமாக ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறது?"

"அது வாய் வழியா போனது. இது வேற வழி."

பிறகு டாக்டர் விளக்கினார். நோயாளிக்குப் புரியக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம், ஆனாலும் புரிந்துவிட்டது. "உங்க பிடரியிலேர்ந்து துளியூண்டு தோல் எடுப்போம். அதுல இருக்கிற செல்லுக்கு, தான் தோலுங்கிறதே மறந்துபோற மாதிரி மருந்து குடுப்போம். அப்ப அது ஸ்டெம் செல் ஆயிடும். ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள மாதிரி. அதுகிட்ட 'நீ ஈரல், நீ ஈரல்'னு சொல்லிச் சொல்லி வளர்த்தா, ஈரலாவே வளந்துடும். உங்க உடம்புலேர்ந்து வந்தது, அதனால உடம்பு தள்ளாது."

"நன்றாகப் புரிகிறது" என்றார் நாநலம். "போன வருஷம் என்னைத் திடீரென்று நீர்வளத்திலிருந்து எடுத்துச் சுகாதாரத்தில் போட்டீர்களே மன்னா, அதே முறைதான்."

"எதில் வளர்ப்பாய்? பானையிலா?" என்றது சிங்கம்.

"பானையில வளராது. சூடு வேணும், ரத்த ஓட்டம் வேணும். உயிரோட ஒரு வயிறு வேணும். அளவு சரியா வர்றது பன்றிக்குத்தான். அதோட ஈரல் ஒரு பக்கம் இருக்கும். உங்க ஈரல் இன்னொரு பக்கம் வளரும்."

சிங்கம் எழுந்து நின்றுவிட்டது. "என் ஈரல் பன்றிக்குள்ளா? என் வம்சம் என்ன, என் கொடி என்ன!"

நரி பணிவாகக் குனிந்தது. "எத்தனை பன்றி மன்னருக்குள் போயிருக்கிறது. மன்னர் ஒரே ஒருமுறை பன்றிக்குள் போனால் என்ன குறைந்துவிடும்?"

அன்றைக்குப் பன்றி வீட்டு முறை. வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவள் செவ்வந்தி. முந்தின நாளே அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது, சாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே நடந்து, டாக்டரின் காலை மிதித்துவிட்டாள். அப்போது அவருக்குத் தரையில் இருந்தது அந்த ஒரு கால்தான்.

"செவ்வந்தி, உனக்கு அதிர்ஷ்டம்" என்றார் நாநலம். "மன்னரின் ஈரலைச் சுமக்கப் போகிறாய். அது முற்றும்வரை நீ அரசாங்க விருந்தாளி. உன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தாலும் ஈக்குத் தண்டனை."

"முத்தின பிறகு?"

"ஆபரேஷன்."

"அதுக்கப்புறம் நான் என்ன ஆவேன்?"

நரி கூரையைப் பார்த்தது. டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். அவருக்குப் பொய் சொல்லும் அளவுக்கு நோயாளிமேல் அக்கறை கிடையாது. "எதுவும் வீணாகாதும்மா. ஈரல் ஆபரேஷன் மேஜைக்குப் போகும். மிச்சம் இலைக்குப் போகும்."

செவ்வந்திக்குப் புரிந்தது. இன்றைக்குச் சாக வேண்டியவள் கொஞ்சம் தள்ளிச் சாகப் போகிறாள். தள்ளிப்போவதைச் சாவு என்று யாரும் சொல்வதில்லை, வாழ்க்கை என்றுதான் சொல்கிறோம். அவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு காட்டில் நடந்ததெல்லாம் கண்கொள்ளாக் காட்சி. சிங்கம் தினமும் காலையில் அவள் படுத்திருக்கும் இடத்துக்கு வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டது. அதன் பரம்பரையில் எந்தச் சிங்கமும் எந்தப் பன்றியிடமும் கேட்காத கேள்வி அது. அவள் ஒரு தும்மல் போட்டால் சிங்கத்துக்குத் தூக்கம் போனது. மேட்டில் ஏறாதே, குளிர்ந்த தண்ணீரில் இறங்காதே, பப்பாளிப் பக்கம் போகாதே என்று ஒரு மாமியார் சொல்ல வேண்டிய அத்தனையையும் சிங்கமே சொன்னது. அவள் நடந்துவந்தால் சிறுத்தைகள் வழிவிட்டன. ஓநாய் ஒன்று அவளுக்குக் கிழங்கு தோண்டிக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் எச்சிலைத் துடைத்துக்கொண்டு போனது.

ஆனால் தனியாக இருக்கும்போது செவ்வந்திக்குப் பயமாக இருந்தது. வலது விலாவுக்குக் கீழே நாளுக்கு நாள் கனம் கூடியது. முதலில் அந்தக் கனத்தை வெறுத்தாள். பிறகு அதனிடம் பேசத் தொடங்கினாள். "ஏ ஈரலே, உனக்கு என்ன அவசரம்? மெதுவா வளரு. நீ பெருசான அன்னைக்கு நான் இல்ல. நான் இல்லாம போனா உனக்கு யாரு கிழங்கு குடுப்பா? அந்தாளு உன்னையும் கொழுப்பாக்கித்தான் சாவடிப்பாரு." ஈரல் பதில் சொல்லவில்லை. அது இன்னும் ஈரல் ஆகும் பயிற்சியில் இருந்தது.

இதற்கிடையில் டாக்டர், ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இன்னொரு வயிறு கேட்டார். காட்டெருமை கொம்பையாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரிய உடம்பு, பெரிய ஆள். காடே மதிக்கும் ஆள்.

"இன்னொருத்தன் ஈரல என் வயித்துல சுமக்கிறதா?" என்று கொம்பையா கத்தினார். "நான் தன்மானத்தோட பொறந்தவன். தன்மானத்தோடயே சாவேன்."

அவர் விருப்பம் அன்று மதியமே நிறைவேற்றப்பட்டது. மறுநாள் நடந்த இரங்கல் கூட்டத்தில் சிங்கமே தலைமை தாங்கி, கொம்பையாவிடம் தன்மானத்தைத் தவிர வேறு பல நல்ல அம்சங்களும் இருந்தன என்று நாக்கைச் சுழற்றியபடி உருக்கமாகப் பேசியது. கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் செவ்வந்தியைப் பார்த்தார்கள். அவள் கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வதந்தி கிளம்பியது. மன்னர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறார் என்றும், மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்கம் நம் எல்லையில் மூத்திரம் பெய்து பார்த்துவிட்டுப் போனது என்றும் கிளிகள் பேசின. நாநலத்துக்குக் கவலை வந்தது. கவலை வந்தால் அவர் விழா எடுப்பார்.

"மன்னரின் ஈரல் ஆரோக்கியமாக வளர்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டும். ஒரு வளைகாப்பு வைத்துவிடுவோம்."

"ஈரலுக்கு வளைகாப்பா?" என்றது சிங்கம்.

"வயிற்றில் வளர்கிற எதற்கும் வைக்கலாம் மன்னா. கூட்டம் வரும். சோறு போட்டால் இன்னும் வரும்."

காட்டில் எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நின்று நடத்துபவள் முள்ளம்பன்றி காந்திமதி அத்தை. அவள் எடுத்துச் சொல்வதை யாரும் மறுப்பதில்லை. மறுக்கிற அளவுக்குப் பக்கத்தில் யாரும் போவதில்லை. அவள் வந்ததும் முதல் கேள்வி கேட்டாள். "கல்யாணமே ஆகாத பிள்ளைக்கு எப்படி வளைகாப்பு வைக்கிறது? சந்தனம் பூச ஒரு ஆளு வேணாமா?"

விழாவுக்குக் கிளிகள் மரத்துக்கு மரம் அறிவிப்புச் செய்து முடித்திருந்தன. நாநலத்துக்குப் பதற்றம். "ஈரல் யாருடையதோ அவரே பூசட்டும்!"

இந்த ஒரு வாக்கியத்தை அவர் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

விழா பிரமாதம். குரங்குகள் மாலை கட்டின. கோரைப்புல்லில் வளையல் பின்னிச் செவ்வந்தியின் முன்னங்கால் இரண்டிலும் குளம்பு மறையும்வரை அடுக்கினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் மனிதர்களின் கோயில் திருவிழாவிலிருந்து 'வரவழைக்கப்பட்டன'. காந்திமதி அத்தை ஆரத்தி எடுத்தபோது முதல் வரிசை முழுதும் இரண்டடி பின்வாங்கியது. சிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, செவ்வந்தியின் கன்னத்தில் சந்தனம் பூசியது. அதற்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு உயிரே இல்லை. கூட்டம் கைதட்டியது.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது, கோரைச் சேற்றிலிருந்து வந்திருந்த செவ்வந்தியின் தாய் பேச்சியம்மா, ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மகளிடம் வந்தாள்.

"எந்திரி. பொழுதோட போயிருவோம்."

நாநலம் குறுக்கே வந்தார். "எங்கே போகிறீர்கள்?"

"இதென்ன கேள்வி? வளைகாப்பு முடிஞ்சா புள்ள தாய் வீட்டுக்குத்தான வரும்? வளையல் போட்ட கையோட இங்க ஒரு ராத்திரி தங்கப்படாது."

"அவள் அரசாங்கச் சொத்து!"

"சொத்துக்கா வளைகாப்பு போட்டீங்க?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பேச்சியம்மா சொல்வது நியாயம்தான் என்றது மான். வழக்கத்தை மீறினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்றது முயல். காந்திமதி அத்தை முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, "என் கையால வளையல் போட்டு அனுப்பாம விட்ட பொண்ணு இந்தக் காட்டுலயே இல்ல" என்றாள்.

பேச்சியம்மா திட்டம்போட்டுத்தான் செய்தாளா, இல்லை உண்மையிலேயே வழக்கம் தவறக் கூடாது என்று நினைத்தாளா? செவ்வந்திக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது. பேச்சியம்மாவுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

சிங்கம் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டது. "உண்மையைச் சொல். அனுப்பாவிட்டால் ஈரலுக்கு ஏதாவது ஆகுமா?"

"விஞ்ஞானப்படி ஒண்ணும் ஆகாது மன்னா."

"விஞ்ஞானப்படி ஆகாது. மற்றபடி?"

டாக்டர் கால் மாற்றி நின்றார். அவர் மனைவி அப்போது முட்டையிட அவளுடைய தாய் வீட்டுக்குத்தான் போயிருந்தாள். "எதுக்கு மன்னா ரிஸ்க்?" என்றார்.

அவ்வளவுதான். காட்டையே ஆட்டிவைக்கிற மன்னர், தன் ஈரலுக்குத் தானே டாட்டா காட்டி அனுப்பிவைத்தார். "ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போங்க, மேடு பள்ளம் பாத்து" என்று சொன்னதாகவும் கேள்வி.

கோரைச் சேறு காட்டின் தெற்குக் கோடியில் இருந்தது. கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். பன்றிகளுக்கு அது மெத்தை, மற்றவர்களுக்கு அது சேறு. செவ்வந்தி அங்கே போய்ப் படுத்த அன்று, பிறந்ததிலிருந்து முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

ஈரல் முற்றிவிட்டது என்று வௌவால் போய்ப் பார்த்துச் சொன்னது. அழைத்துவர நாநலமும் டாக்டரும் போனார்கள். சேற்றின் கரையில் நின்றபடி கத்திப் பேச வேண்டியிருந்தது.

"ஆடி மாசம் நடக்குது. இப்ப யாராவது அனுப்புவாங்களா?" என்றாள் பேச்சியம்மா.

ஆடி முடிந்து மறுபடியும் போனார்கள்.

"தலப்பிரசவம் தாய் வீட்லதான். ஆவட்டும், அப்புறம் வாங்க."

"அம்மா, அறுத்தாத்தான் பிரசவம்" என்றார் டாக்டர். "வயித்தக் கிழிச்சு எடுக்கணும்."

"அறுக்குற பேச்செல்லாம் இங்க எடுக்காதீங்க. எங்க வம்சத்துல ஒருத்திக்கும் ஆபரேஷன் ஆனதில்ல. எல்லாம் சுகப்பிரசவந்தான்."

"ஈரல் சுகப்பிரசவத்தில் வராதம்மா!" என்றார் நாநலம்.

"நாள் வந்தா தானா வரும். நீங்க சின்னப் பையன், உங்களுக்கு என்ன தெரியும்? போய் மாப்பிள்ளைய நல்லா சாப்பிடச் சொல்லுங்க. எளச்சிட்டாராமே?"

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் நாநலத்துக்கு முதுகில் மயிர் நின்றது. சந்தனம் பூசச் சொன்னது யார் என்று மன்னர் ஞாபகம் வைத்திருக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டே திரும்பினார். ஓநாய்களை அனுப்பி இழுத்துவரலாமா என்று சிங்கம் கேட்டது. இழுத்தால் வயிறு அடிபடும், வயிறு அடிபட்டால் ஈரல் நசுங்கும் என்றார் டாக்டர். சிங்கம் தன் வயிற்றைத் தடவிக்கொண்டது.

இப்போது காட்டில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. முறைப்படி செத்திருக்க வேண்டிய செவ்வந்தி சேற்றில் புரண்டுகொண்டிருக்கிறாள். தன்மானத்தோடு இருந்த கொம்பையா எலும்பாகக் கிடக்கிறார். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

முதலில் வந்தது மான். டாக்டரின் குளக்கரைக் கிளினிக்கில் வெட்கத்தோடு நின்று, "மன்னருக்குக் கிட்னி ஏதாச்சும் வளக்கணுமா டாக்டர்? என் வயிறு சும்மாத்தான் இருக்கு" என்றது.

டாக்டர் மன்னரிடம் ஓடினார். "ஈரல் சேத்துல மாட்டிக்கிச்சு. நாளைக்கே கிட்னி போனா என்ன பண்ணுவீங்க? எல்லாத்துலயும் ஒரு ஸ்பேர் இருக்கிறது நல்லது."

சாவுக்குப் பயந்தவனிடம் ஸ்பேர் என்று சொன்னால் வேண்டாம் என்பானா? பிடரியிலிருந்து இன்னும் கொஞ்சம் தோல் போனது. மானுக்குக் கிட்னி. கடமானுக்கு இதயம். காட்டுப்பூனைக்குக் கணையம். முயல் தன் அளவுக்கு ஒரு கண் கேட்டு வாங்கிக்கொண்டது. பன்றிதான் அளவு சரி என்று முன்பு சொன்னாரே டாக்டர் என்று யாராவது கேட்டால், விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்றார் அவர். குகை வாசலில் இருந்த வரிசை அப்படியே எழுந்து கிளினிக் வாசலுக்கு வந்தது. பழைய டோக்கனே செல்லும் என்று அறிவித்தார்கள்.

வயிற்றில் வைத்த கையோடு எல்லோரும் வளைகாப்புக் கேட்டார்கள். செவ்வந்திக்கு வைத்தீர்களே, எங்கள் உறுப்பு என்ன மட்டமா என்று சண்டை. காந்திமதி அத்தைக்கு ஓய்வே இல்லை. வளையல் போட்டு முடித்ததும் ஒவ்வொன்றும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனது. தாய் இல்லாதவர்கள் சித்தி வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் காந்திமதி அத்தையும் ஒரு மண்ணீரலை வாங்கி வைத்துக்கொண்டு, தனக்குத்தானே ஆரத்தி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காடு காலியானது. குகை வாசலில் புல் முளைத்தது.

பல நாள் பட்டினிக்குப் பிறகு, ஒரு மதியம் சிங்கம் கொட்டாவி விட்டுச் சுற்றிலும் பார்த்தது. பசி. எதிரில் நாநலம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சிங்கம் அவரை இதுவரை பார்த்த மாதிரி பார்க்கவில்லை. தொடையிலிருந்து மேலே பார்த்தது.

"அமைச்சரே, நீங்கள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள்."

நாநலம் பிடித்த ஓட்டம் குளக்கரையில்தான் நின்றது. "டாக்டர்! மன்னரோட உறுப்பு ஏதாச்சும் மிச்சம் இருக்கா? எதுவா இருந்தாலும் சரி!" பயத்தில் அவருடைய அமைச்சர் பாஷை போயே போய்விட்டது.

"எல்லாம் போயிடுச்சே. வால் நுனிதான் இருக்கு. அந்தக் குஞ்சம்."

"போடுங்க!"

அன்று மாலை அமைச்சருக்கு வளைகாப்பு நடந்தது. வந்தவர் டாக்டர் ஒருவர்தான். இரண்டு கோரைப்புல் வளையல்களோடு, ஆண் நரி ஒன்று கண்ணீர் மல்கத் தாய் வீட்டுக்குப் போன காட்சியை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டரும் கிளம்பும்முன் மரியாதைக்காக ஒருமுறை மன்னரைப் பார்க்கப் போனார். கூடவே வௌவாலும் போய் ஸ்கேன் எடுத்தது.

"ஆச்சரியமா இருக்கு" என்றது வௌவால். "கொழுப்பே இல்ல. பழைய ஈரலே புதுசா ஆயிடுச்சு."

"பட்டினி கிடந்தீங்கல்ல, அதான்" என்றார் டாக்டர். "ஈரல் அப்படித்தான் மன்னா. விட்டா தானாவே தேறிக்கும்."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சாப்பாட்டக் கொறைங்கன்னு உங்ககிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு, இரண்டு காலையும் பின்னால் நீட்டிக்கொண்டு அவர் பறந்துபோனார்.

சிங்கம் மெதுவாக யோசித்தது. தன் ஈரல் தேறிவிட்டது. அப்படியானால் பன்றியின் வயிற்றில் இருக்கிற ஈரல் இனி தேவையில்லை. ஈரல் தேவையில்லை என்றால் பன்றியைக் காப்பாற்றவும் தேவையில்லை. அது எழுந்து தெற்கே நடக்க ஆரம்பித்தது. வருஷக்கணக்கில் அது நடந்த முதல் நடை.

சேற்றின் ஓரத்தில் செவ்வந்தி தனியாக இருந்தாள். மெலிந்து, விலா எலும்பு தெரிய, கண்ணில் மஞ்சள் போய் நெருப்போடு வந்த சிங்கத்தைப் பார்த்தாள். இந்தக் கண்ணைத்தான் அவள் முதல் நாளே எதிர்பார்த்து, தன் கண்ணை மூடிக்கொண்டு போனாள்.

"என் ஈரல் சரியாகிவிட்டது செவ்வந்தி. உன்னிடம் இருப்பது இனி எனக்கு வேண்டாம்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே, இத்தனை நாள் ஈரலிடம் பேசிப் பேசிப் பழகிய வாயால் பேசினாள்.

"சாப்பிடுங்க. நான் என்ன பண்ண முடியும்? நல்ல கொழுப்பா இருக்கேன். இன்னைக்கு நான், நாளைக்கு எங்கம்மா, அப்புறம் ஒவ்வொரு வீடா போவீங்க. மறுபடியும் கண்ணு மஞ்சளாகும், வயிறு வீங்கும். அப்ப ஈரல் வேணும்னு கேப்பீங்க. ஒரே ஒரு ஈரல்தான் முழுசா வளந்து தயாரா இருக்கு. அது என்கூட உங்க வயித்துக்குள்ள போயிருக்கும். பரவால்லயா?"

சிங்கம் ஒரு கால் தூக்கியபடி நின்றது. சாப்பிட்டால் ஈரல் வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டால் ஈரல் இருக்காது. சாப்பிடாவிட்டால் ஈரலே வேண்டாம், ஆனால் பசி. மன்னர்களுக்கு யோசிக்க அமைச்சர்கள் இருப்பார்கள். இவருடைய அமைச்சரோ வளையல் போட்டுக்கொண்டு தாய் வீட்டில் இருந்தார்.

"யாரு அது வாசல்ல?" என்று கோரைக்குள்ளிருந்து பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். சிங்கத்தைக் கண்டதும் அவள் செய்த காரியத்தை இந்தக் காட்டில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. மகளைத் திட்டினாள். "ஏண்டி, மாப்பிள்ளை மொதமொதலா வீட்டுக்கு வந்திருக்காரு, நிக்க வச்சே பேசிட்டிருக்க? உக்காரச் சொல்ல மாட்ட? எப்படி எளச்சிப் போயிட்டாரு பாரு!"

ஒரு சேம்பு இலையை விரித்தாள். அதில் காட்டுச் சேம்பையும் கோரைக்கிழங்கையும் குவித்தாள். "மொதல்ல சாப்பிடுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

முதல்முறை மாமியார் வீட்டுக்குப் போய், விரித்த இலையில் கை வைக்காமல் எழுந்த மாப்பிள்ளை யாராவது உண்டா? அதுவும் பசியோடு? சிங்கம் உட்கார்ந்தது. ஒரு கிழங்கைக் கடித்தது. காட்டுச் சேம்பைப் பச்சையாகத் தின்றால் தொண்டை அரிக்கும். கர்ஜிக்க வாயைத் திறந்தது, இருமல்தான் வந்தது.

"மெதுவா, மெதுவா. தண்ணி குடிங்க" என்றாள் பேச்சியம்மா. "இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"போதும்" என்று சொல்ல நினைத்தது சிங்கம். அதற்குள் வைத்துவிட்டாள்.

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றது மறுநாளானது. மறுநாள் விருந்து இன்னும் பலமாக இருந்தது. பிறகு ஆனி வந்தது, ஆடி வந்தது. சிங்கம் அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது. கிழங்கு தோண்டப் பழகிக்கொண்டது. உடம்பு நன்றாக இருக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, அந்த வம்சத்திலேயே இத்தனை ஆரோக்கியமான சிங்கம் இருந்ததில்லை என்று வௌவால் சொல்கிறது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அது செவ்வந்தியின் கழுத்தை ஒருமுறை பார்க்கும். பிறகு தன் வயிற்றைப் பார்க்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கிழங்கை எடுத்துக்கொள்ளும்.

செவ்வந்திக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. வளையலைக் கழற்றவும் இல்லை.

நீதி: அரசனுடைய வயிற்றுக்குள் போகாமல் தப்பிக்க ஒரே வழி, அரசனுடைய வயிற்றில் ஒரு பாகத்தை வாங்கி நம் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதுதான். பெரிய பாகம் கிடைக்காதவர்கள் மனம் தளராமல் வால் நுனிக்காவது வரிசையில் நிற்கவும். தன்மானம் உள்ளவர்களுக்கு இரங்கல் கூட்டம் உண்டு.